காற்றுக்கு நிற்கும் நாற்றுக்குடில்

நாற்றங்கால் நன்கு அமைந்துவிட்டால் பாதி விளைச்சல் கைக்கு வந்ததற்கு ஒப்பாகும் என்று நம் உழவர் பெருமக்கள் கருதுவது வழக்கம். நெல்லுக்கு மட்டுமன்றி மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய பயிர்களுக்கும் இது பொருந்தும். ஆயின் ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் இப்பயிர்களுக்கு நாற்று விடும் காலமும் வானம் சினங்கொள்ளும் காலமும் ஒன்றாகவே வந்து அமைகின்றன. ஆவணியில் மாலை வேளைகளில் இடியுடன் கூடிய சூறைக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. சில ஆண்டுகளில் அதற்கும் மேலாக வங்கக் கடற்புயல். விதைத்த பத்தாம் நாள் ஒரு பெருமழை பெய்துவிட்டால் பாத்தி கரைந்துபோகும். வீரிய ஒட்டு விதை கிராம் கணக்கில் விற்கப்படும் இக்காலத்தில் கரைந்துபோவது பாத்தி மட்டும் அன்று என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு மாற்று என்ன? நாற்றைப் பாத்தியில் விடாமல், மேலே போர்வையுள்ள ஒரு சிறு குடிலுக்குள் குழித்தட்டுகளில் வளர்ப்பதே மாற்று. இதனைப் பசுமைக்குடில் என்று சொல்கிறோம். ‘அது பெரும் பணக்காரர் செய்யும் காரியம், மேலும் இங்கே அடிக்கும் காற்றுக்கு அது நிற்காது’ என்பதுதான் நம் சங்கங்களில் பொதுவாகக் கேட்கும் விடை. இந்த விடையின் முதற்பாதி தவறு. இரண்டாம் பாதி, குடிலைக் கட்டும் முறையைப் பொறுத்தது. இதனை விளக்கவே இக்கட்டுரை எழுதுகிறோம். எழுதவேண்டிய கடமையும் நமக்கு உண்டு. அதன் காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

நாம் எழுதிய ஒரு குறிப்பு

இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளை நாம் பார்வையிட்டபோது, தவணை கடந்த கடன்களின் வரிசையில் ஓர் இளம் அங்கத்தினரின் பெயர் இருந்தது. மூங்கிலும் பிளாஸ்டிக் தாளும் வாங்கி நாற்றுக்குடில் அமைப்பதற்காக அவர் கடன் பெற்றிருந்தார். கட்டி முடித்த நாற்பதாம் நாள் மாலைக் காற்றில் அது பறந்துபோயிற்று. புயல் அன்று; ஆவணி மாதத்துச் சாதாரணச் சூறைக்காற்றுதான். காரியதரிசி இதனை எடுத்துச் சொன்னதும், ‘இந்நோக்கம் இவ்வட்டாரத்துக்கு ஏற்றதன்று; இவ்வகைக் கடன் இனி வழங்கலாகாது’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நாம் எழுந்து வந்துவிட்டோம். எழுதுவதற்கு இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை.

அடுத்த முறை சென்றபோது மூன்று மனுக்கள் எம்முன் வைக்கப்பட்டன. மூன்றும் நாற்றுக்குடிலுக்காகத் தரப்பட்டவை. மூன்றும் எம்முடைய குறிப்பைக் காட்டியே தள்ளப்பட்டவை. மனுதாரரில் ஒருவர் கைம்பெண். முக்கால் ஏக்கர் மிளகாய் பயிரிடுகிறவர். ‘காற்றின்மேல் வந்த கோபத்தை எங்கள் மனுவின்மேல் காட்டலாமா, ஐயா?’ என்று அவர் கேட்டார். அதற்கு எம்மிடம் விடையில்லை. குடில் இருந்த இடத்தைக்கூட நாம் பார்த்திருக்கவில்லை. அன்று பிற்பகலே சென்று பார்த்தோம்.

பார்த்தபோது உண்மை தெளிவாயிற்று. கழிகள் ஓரடி ஆழமே நடப்பட்டிருந்தன. ஆற்றோர மணற்பாங்கான நிலம் வேறு. நான்கு கழிகளைச் சதுரமாக இணைத்திருந்தார்களே அன்றிக் குறுக்குக் கழி ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் தாளை மூங்கிலின் மேல் ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். வேண்டும்போது கழற்ற வழியே இல்லை. காற்று வந்த அன்று மேற்குப் பக்கக் கதவு திறந்து கிடந்ததாம். குற்றம் ஊரின் காற்றிலும் இல்லை, நோக்கத்திலும் இல்லை. கட்டிய முறையில் இருந்தது. கடனை வழங்கிய சங்கமோ, அதனைக் குறைகூறிய நாமோ கட்டும் முறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

நமக்கு வேண்டிய குடில் எது?

பசுமைக்குடில் குளிர்நாடுகளில் தோன்றியது. அங்கே கண்ணாடிக்குள் வெப்பத்தைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. கண்ணாடிக்குப் பதிலாக மலிவான தாளைப் பயன்படுத்தலாம் என்பதை அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துத் தோட்டக்கலைப் பேராசிரியர் எம்மெர்ட் 1948-இல் செய்து காட்டினார். ஆகவே பிளாஸ்டிக் குடில் என்பது தொடக்கத்திலேயே சிக்கனத்துக்காகப் பிறந்தது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஸ்பெயின் தேசத்து அல்மேரியா மாகாணத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அது வெயிலும் கடற்காற்றும் மிகுந்த வறண்ட பகுதி. அங்குள்ள உழவர் திராட்சைக்கு மரக்கால் நட்டுக் கம்பி பின்னிய பந்தல் வைத்திருந்தனர். 1960-களில் அதே பந்தலின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, தாளுக்குக் கீழே ஒரு கம்பி வலையும் மேலே ஒரு கம்பி வலையுமாக இடையில் இறுக்கிப் பிடிக்கச் செய்தனர். இன்று பல்லாயிரம் ஏக்கர் பரப்பில் அங்கே அத்தகைய குடில்கள் உள்ளன. பந்தல் நமக்குப் புதிதன்று. புடலையும் பாகலும் நம் நாட்டில் பந்தலில்தான் காய்க்கின்றன. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த நிலையான பந்தல்களும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் உண்டு. அந்தப் பந்தலுக்குப் போர்வை இடுவதே நாம் சொல்லும் குடில்.

நம் வட்டாரத்தில் வெப்பத்தைச் சேமிக்க வேண்டுவதில்லை. சித்திரை வைகாசியில் நான்கு புறமும் பிளாஸ்டிக்கால் மூடிய குடிலில் நாற்று வெந்துபோகும். நமக்கு வேண்டுவன மூன்று: வெயிலைப் பாதியாகக் குறைக்கும் நிழல்வலை, மழைக்காலத்தில் மட்டும் அதற்குமேல் இடும் பிளாஸ்டிக் தாள், பக்கங்களில் பூச்சி புகாத நுண்வலை. தக்காளிக்கு இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈயைத் தடுக்க, அங்குலத்துக்கு 40 முதல் 50 கண் வரை உள்ள வலை தேவை. நெசவாளர் அச்சின் எண்ணைப் பார்த்து வாங்குவது போல, இவ்வலையையும் கண் எண்ணிப் பார்த்தே வாங்குதல் நலம்.

அளவைப் பொறுத்தவரை 12 அடி அகலமும் 30 அடி நீளமும் போதும். நடுவே இரண்டடி நடைவழி விட்டு, இருபுறமும் நான்கடி அகலத்தில் தட்டுகளை அடுக்கினால் 98 குழி கொண்ட தட்டுகள் ஏறத்தாழ 120 கொள்ளும். அவை 11,700 நாற்றுக்கு மேல் தரும். 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் இது முக்கால் ஏக்கருக்குப் போதுமானது. ஒரு முறை நாற்றெடுத்த பின்னர் அடுத்த விதைப்புக்கும் குடில் பயன்படும் என்பதால், இருவர் மூவர் சேர்ந்தும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

காற்றின் கணக்கு

காற்று குடிலைத் தள்ளுகிறது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தள்ளுவதோடு நிற்பதில்லை, தூக்கவும் செய்கிறது. கூரையின்மேல் விரைந்து செல்லும் காற்று தாளை மேல்நோக்கி உறிஞ்சும். அதே வேளையில் காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்து மறுபக்கம் மூடியிருந்தால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து உந்தும். குடை காற்றில் மேல்நோக்கி மடிவது இதனால்தான்.

இந்த விசையைக் கணக்கிடுவது கடினமன்று. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பின் 0.6-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் அழுத்தம் ஏறத்தாழ இத்தனை கிலோ என்று கிடைக்கும். நாம் சொன்ன 360 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 33 சதுர மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூறைக்காற்றின் முழு அழுத்தமும் கூரையில் விழுந்தால் 450 கிலோ விசை ஆகிறது. வேகம் இருமடங்காகி 108 கிலோமீட்டரானால் விசை இருமடங்காவதில்லை. நான்கு மடங்காகி 1,800 கிலோவை எட்டுகிறது. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி எண் 875, சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது. அந்த வேகத்தில் நம் குடிலின் கூரைமேல் விழக்கூடிய விசை ஐந்து டன்.

இங்கே உழவர் முடிவு செய்யவேண்டுவது ஒன்று உண்டு. ஐந்து டன் விசைக்கு நிற்கும் குடிலைச் சிக்கனமாகக் கட்டுவது இயலாத காரியம். சூறைக்காற்றுக்குப் போர்வையோடு நிற்கும் குடிலைக் கட்டுவது இயலும். எனவே சூறைக்காற்றுக்கு நிற்குமாறு கட்டவேண்டும்; புயலுக்குப் போர்வையைக் கழற்றிவிட வேண்டும். போர்வை நீங்கிய சட்டத்தில் காற்றுக்குப் பிடிமானம் மிகக் குறைவு. இந்த ஒரு கருத்தே இக்கட்டுரையின் சாரம். இனிச் சொல்வன அனைத்தும் இதன் விவரங்களே.

இடமும் திசையும்

நீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடமே உகந்தது. ஆரணியாற்றில் வெள்ளம் வருங்காலத்தில் நீர் ஏறும் நிலத்தைத் தவிர்த்தல் வேண்டும். ஆவணி புரட்டாசி மாதங்களின் மாலைச் சூறைக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால், குடிலின் நீளம் கிழக்கு மேற்காக இருந்து, குறுகிய முகப்பு மேற்கை எதிர்கொள்வது நலம். ஆயினும் புயற்காற்றுக்கு ஒரே திசை கிடையாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, முதலில் ஒரு திசையிலிருந்து அடித்த காற்று, புயலின் மையம் கடந்து செல்கையில் தணிந்து, பின்னர் எதிர்த்திசையிலிருந்து திரும்பவும் அடித்தது. ஆகவே இழுகம்பிகள் நான்கு புறமும் இருத்தல் அவசியம். ஒரு பக்கத்துக்கு மட்டும் முட்டுக் கொடுப்பது வீண்.

காற்றைத் தணிக்க உயிர்வேலியினும் சிறந்தது வேறில்லை. மேற்கிலும் வடக்கிலும் இரு வரிசை சவுக்கு அல்லது அகத்தி நட்டால், அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறைகிறது. சுவர் எழுப்புவது இதற்கு ஈடாகாது. சுவரைத் தாண்டிய காற்று அதன் பின்னே சுழன்று இறங்கும். இலைகளினூடே வடிந்து வரும் காற்றோ வலிமை குன்றி வரும். மரம் விழுந்தாலும் குடில்மேல் விழாதபடி, மரத்தின் முழு உயரத்துக்குக் குறையாத தூரம் விட்டு நடுதல் வேண்டும்.

கால்களும் கட்டும்

பக்கக் கால்களின் உயரம் 6 அடி. நடுமோட்டின் உயரம் 8 அடி. இதற்குமேல் உயரம் வேண்டாம். தரையிலிருந்து உயர உயரக் காற்றின் வேகமும் கூடுகிறது. இதற்குக் குறைவாகக் கூரையைத் தட்டையாக வைத்தாலும் தீங்குண்டு. மழைநீர் தாளில் தேங்கிக் குளம்போல் தொங்கும்.

ஐந்தடிக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு ஏழு, ஆகப் பதினான்கு கால்கள், நடுமோட்டைத் தாங்க இரு கோடியிலும் நடுவிலும் மூன்று, மொத்தம் பதினேழு. நான்கு அங்குலப் பருமனுள்ள சவுக்குக் கழி போதும். ஆனால் கழியை மண்ணில் நேராக நடலாகாது. கறையானும் ஈரமும் இரண்டு மழைக்காலத்துக்குள் அதன் அடியைத் தின்றுவிடும். நான்கடி நீளமுள்ள ஆங்கிள் இரும்புத் துண்டுகளைக் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். இரண்டரை அடி ஆழக் குழி எடுத்து, துண்டின் அடிமுனையில் குறுக்கே ஒரு கம்பியைச் செருகி நிறுத்தி, ஓரடி கனத்துக்குக் கான்கிரீட் இட்டு, மேலே மண்ணைத் தள்ளித் திமிசு கொண்டு இடித்து இறுக்கவேண்டும். தரைக்குமேல் நிற்கும் ஒன்றரை அடி இரும்பில் சவுக்குக் காலை, அதன் அடி மண்ணைத் தொடாதபடி, இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கவேண்டும். கால் கெட்டுப்போனால் அதனை மட்டும் மாற்றலாம், அடித்தளம் நிலைத்திருக்கும்.

ஒரு கனஅடிக் கான்கிரீட் ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ளது. பதினேழு கால்களுக்கும் சேர்த்து 1,100 கிலோ. சூறைக்காற்றின் 450 கிலோ விசையோடு ஒப்பிட்டால் இது போதுமானது என்பதும், புயலின் விசைக்குப் போதாது என்பதும் ஒருங்கே விளங்கும். மழையில் ஊறிய மணல் தன் பிடியைத் தளர்த்திவிடுகிறது. புயல் வருவதோ நிலம் ஊறிக்கிடக்கும் மாதத்தில். ஆதலால் மண்ணின் பிடியை நம்பாமல் கல்லின் எடையை நம்புவதே அறிவுடைமை.

அடுத்தது குறுக்குக் கட்டு. நான்கு கழிகளால் ஆன சதுரத்தைக் கையால் தள்ளினால் அது சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு கழியை மூலைக்கு மூலை வைத்துக் கட்டினால் அசையாது. குடிலின் நான்கு மூலைகளை அடுத்த கட்டங்களிலும், இரு முகப்புகளிலும், கூரையின் கோடிக் கட்டங்களிலும் இவ்வாறு மூங்கிலைப் பெருக்கற்குறி வடிவில் கட்டவேண்டும். செலவு சில மூங்கில்களே. பறந்துபோன குடிலில் இல்லாமற்போனவையும் இவையே.

மூலைக்கு இரண்டாக எட்டு இழுகம்பிகள் வேண்டும். மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டுவது போன்றதுதான் இதுவும். காலிலிருந்து ஆறடி தள்ளி மூன்றடி ஆழத்தில் ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்துப் புதைத்து, அதிலிருந்து கம்பியைக் காலின் தலைக்கு இழுத்துக் கட்டுக. முளைக்குச்சியில் கட்டுவது போதாது. நனைந்த மண்ணிலிருந்து அது உருவிக்கொண்டு வந்துவிடும். கம்பி இருப்பது தெரியும்படி அதில் ஒரு வெள்ளைத் துணி கட்டிவைத்தால் குழந்தைகளும் கன்றுகாலிகளும் தடுக்கி விழமாட்டா.

போர்வை

பறந்துபோன குடிலைப் பார்க்கச் சென்ற அன்று, பொன்னேரி வட்டத்து ஆரணியிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவரும் உடன் வந்தார். மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்த கிழிந்த தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘தொய்ந்த பாவில் இழை அறாமல் என்ன செய்யும், ஐயா?’ என்றார். அது முற்றிலும் உண்மை. தாளைக் கிழிப்பது காற்றின் வலிமையைவிட அதன் படபடப்பே. தொய்வாகக் கிடக்கும் தாள் ஒரு நாளில் ஆயிரம் முறை அடித்துக்கொண்டு, ஆணியடித்த துளையிலிருந்து கிழியத் தொடங்கும். பாவை இழுத்துப் பிடிப்பதுபோல எல்லா இடத்திலும் ஒரே சீராக இழுபட்ட தாளோ கிழிவதில்லை.

ஆகவே தாளில் ஆணி அடிக்கலாகாது. அதன் ஓரத்தைப் பிளந்த மூங்கிலில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த மூங்கிலைக் கயிற்றால் சட்டத்தோடு இழுத்துக் கட்டவேண்டும். கூரையின் ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனித் தாளாக இரண்டு தாள்கள் இருக்கட்டும். நடுமோட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறியிருக்கட்டும். தாளின் அடியில் சரிவுக்கு மூன்று இழை கம்பி ஓடவேண்டும். தாளின் மேலே, ஒரு காலிலிருந்து எதிர்ப்பக்கத்து அடுத்த காலுக்குச் சாய்வாகச் செல்லுமாறு கயிற்றைக் குறுக்கு மறுக்காக ஓட்டி இறுக்கவேண்டும். அல்மேரியாவின் இரட்டைக் கம்பி வலை செய்யும் வேலையை நமக்கு இந்தக் கயிறு செய்யும். கம்பியும் மூங்கிலும் தாளை உராயும் இடங்களில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றி, அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிடுக. வெயிலில் சூடேறும் கரிய பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் அவ்விடத்திலேயே முதலில் நைந்துபோகும்.

கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணத் தாள் நம் வெயிலுக்குச் சில மாதங்களில் நொறுங்கிவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்குமாறு பதப்படுத்திய 200 மைக்ரான் தாளையே கேட்டு வாங்கவேண்டும். நம் குடிலுக்குத் தேவையானது ஏறத்தாழ ஒன்பது கிலோ. தை மாதம் மழை ஓய்ந்ததும் அதனைக் கழற்றிச் சுருட்டி நிழலில் வைத்துவிட்டு, ஐம்பது விழுக்காடு நிழல்வலையை மட்டும் விட்டுவைத்தால், தாளுக்கும் ஆயுள் நீளும், நாற்றுக்கும் வெப்பம் தணியும்.

கட்டுகள் யாவும் ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சாகவே இருக்கவேண்டும். அவசரத்தில் அரிவாளைத் தேடும்படியாக எந்த இடத்திலும் கடுமுடிச்சுப் போடலாகாது.

புயல் அறிவிப்பு வந்தால்

இந்திய வானிலை ஆய்வுத் துறை, கரையோரத்தில் கடுமையான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கையின் ஒரு கட்டத்தையும், 24 மணி நேரத்துக்கு முன் அடுத்த கட்டத்தையும் வெளியிடும் முறையை வைத்திருக்கிறது. இந்தக் கால அளவு நமக்குத் தாராளமாகப் போதும்.

முதல் அறிவிப்பு வந்ததும் இழுகம்பிகளையும் போல்ட்டுகளையும் சோதித்து இறுக்குக. குடிலைச் சுற்றியுள்ள வடிகாலைத் திறந்துவிடுக. இரண்டாம் அறிவிப்பு வந்ததும், காற்று எழுவதற்கு முன்னரே, பிளாஸ்டிக் தாளையும் நிழல்வலையையும் பக்கவலையையும் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் சேர்க்கவேண்டும். வலையில் துளை உள்ளதே என்று அதனை விட்டுவைப்பது பெரும்பிழை. பாதிக் கண் மூடிய வலையும் காற்றைப் பிடிக்கவே செய்யும். பின்னர் நாற்றுத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ அடுக்கிவைக்கவேண்டும். ஓரிரு நாள் வெளிச்சம் குறைவதால் நாற்றுக்குக் கேடில்லை. பாத்தியில் விட்ட நாற்றைத் தூக்கிச் செல்ல முடியாது. தட்டில் வளர்த்த நாற்றைத் தூக்கிச் செல்லலாம். குழித்தட்டின் மற்ற நன்மைகள் எல்லாவற்றிலும் இதனையே நாம் மேலாகக் கருதுகிறோம். காற்று வீசத் தொடங்கிய பின்னர் கூரைமேல் ஏறுவது எக்காரணத்தாலும் கூடாது; போனால் போவது தாள்தான்.

புயல் அல்லாத சாதாரணச் சூறைக்காற்றுக்குத் தாளைக் கழற்ற வேண்டுவதில்லை. கதவுகள் இரண்டையும் மூடிவிட்டால் போதும். மூட முடியாவிடில் இரண்டையும் திறந்துவைக்க வேண்டும். ஒன்று திறந்து ஒன்று மூடியிருத்தல் ஆகாது.

சங்கம் செய்யவேண்டுவது

இரண்டு தாள்களையும் வலைகளையும் கழற்றி, 120 தட்டுகளை ஒதுக்குவது ஒருவர் தனியே செய்யும் வேலையன்று. வயது முதிர்ந்தோரும் தனித்து வாழும் பெண்களும் குடில் வைத்துக்கொள்ள இயலாது போவது இதனால்தான். இங்கேதான் சங்கம் பயன்பட வேண்டும். அண்டை நிலத்தார் நால்வரை ஒரு குழுவாக்கி, அறிவிப்பு வந்ததும் நால்வரும் சேர்ந்து நான்கு குடில்களையும் வரிசையாகக் கழற்றுவது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். புரட்டாசியில் ஒரு நாள் ஒத்திகையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

தாளும் வலையும் முழுச் சுருளாக வாங்கினால் விலை குறையும். தனியொருவருக்கு முழுச் சுருள் தேவைப்படாது. சங்கம் மொத்தமாக வாங்கி அளந்து கொடுத்தால், தரமும் ஒரே சீராக அமையும். அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் 2014-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், இரும்புக் குழாய்க் குடில்களோடு மரத்தாலும் மூங்கிலாலும் ஆன குடில்களுக்கும் பாதிச் செலவு வரை மானியம் இடம்பெற்றது. விதிகளும் அளவுகளும் மாறுவன ஆதலால், கடன் தீர்மானத்துக்கு முன் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அவ்வாண்டின் விவரத்தைக் கேட்டறிதல் வேண்டும். திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் தொழில்நுட்ப யோசனை பெறலாம். அந்தத் திரூரில்தான் 1904-ஆம் ஆண்டில், கூட்டுறவுச் சட்டம் வந்த அதே ஆண்டில், சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. நம் மாவட்டத்துக்கு இது ஒரு பெருமை; பொறுப்பும்கூட.

கடனைப் பொறுத்தவரை எம்முடைய பழைய குறிப்பை நாம் திருத்தி எழுதிவிட்டோம். நோக்கம் கூடாது என்ற வாசகம் நீங்கி, அதனிடத்தில் நான்கு நிபந்தனைகள் இடம்பெற்றுள்ளன. முதற்பகுதிக் கடனில் அடித்தளமும் சட்டமும் முடியவேண்டும். குறுக்குக் கட்டும் இழுகம்பியும் உள்ளனவா என்று நிர்வாகக் குழுவினர் ஒருவர் நேரிற் பார்த்த பின்னரே தாளுக்கும் வலைக்கும் இரண்டாம் பகுதி வழங்கப்படவேண்டும். போர்வை கழற்றத்தக்கதாக இருக்கவேண்டும். மனுதாரர் ஒரு நால்வர் குழுவில் சேர்ந்திருக்கவேண்டும். தள்ளப்பட்ட மூன்று மனுக்களும் மறுபடி குழுவின் முன் வைக்கப்பட்டுள்ளன. குடிலை இழந்த இளைஞரும் தம் பழைய மூங்கில்களுள் நல்லவற்றைப் பிரித்தெடுத்து, முதல் ஆறு குழிகளைத் தோண்டியிருக்கிறார். குழியின் ஆழம் இரண்டரை அடி உள்ளதா என்று இம்முறை நாமே அளந்து பார்த்தோம்.

காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. அது வருமுன் கழற்றவேண்டியதைக் கழற்றவும், அது போனபின் மறுபடி கட்டவும் நம்மால் ஆகும். அவ்வேலைக்கு நான்கு பேர் கை கூடவேண்டும், அவ்வளவே. மழைக்காலத்துக்கு முன் நம் அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் சங்கக் கூட்டங்களில் எடுத்துப் பேசி முடிவு செய்வார்களாக.